பழைய பங்களாவுக்கு எது ஒத்துவரும்? காவித் தரையா, ஆத்தங்குடியா, விட்ரிஃபைடா?

திருச்சி கன்டோன்மென்ட்டில் பெரியப்பாவின் பங்களாவைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்ததுமே, வீட்டில் ஆளுக்கொரு படத்தைக் கைப்பேசியில் நீட்டினார்கள். 'பங்களா அலங்காரம்' என்று தேடினால் வருவது பாதிக்குமேல் அமெரிக்கா. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1908-09ல் கட்டிய கேம்பிள் ஹவுஸ் மாதிரி வீடுகள். உள்ளே எங்கு பார்த்தாலும் மரம், மங்கலான வெளிச்சம். 'பங்களா' என்ற பெயர் வங்காளத்திலிருந்து அங்கே போனதுதான். வீடு அப்படியே போகவில்லை. நம்முடையதில் கூரை 14 அடி உயரத்தில்; தேக்கு விட்டங்களுக்கு மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ்; மூன்று பக்கமும் வராந்தா. வெயிலுக்காகக் கட்டிய வீடு அது.

தரையில்தான் பெரிய சண்டை. விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல், கட்சிக்கு நியாயமான வாதம் இருந்தது: கறை பிடிக்காது, ஒரு வாரத்தில் வேலை முடியும். நாங்கள் ஒரே ஒரு அறையில் போட்டுப் பார்த்தோம். பழைய தரையைப் பெயர்க்காமல் மேலேயே ஒட்டியதில் மட்டம் ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. கதவு திறக்கவில்லை. கான்ட்ராக்டர் யாரையும் கேட்காமல் தேக்குக் கதவின் அடியை அறுத்துவிட்டார். புதிதாக அறுபட்ட அந்த வெளுத்த விளிம்பைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரைக்கல் அழகு, மறுக்க முடியாது. கண்ணாடிப் பலகைமேல் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். கண்ணாடிமேல் வார்ப்பதால்தான் அந்தப் பளபளப்பு. ஆனால் கூடம் முழுக்கப் பூப்பூவாகப் போட்டால் செட்டிநாட்டு வீட்டை வேறு வீட்டுக்குள் இறக்கிவைத்த மாதிரி இருக்கும். எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடமும் விழும். வராந்தாவில் ஒரு கரையாக ஓடவிட்டால் போதும் என்பது என் கட்சி.

கூடத்துக்குக் காவித் தரைதான். பழைய சிவப்பு ஆக்சைடு பூச்சு அங்கே ஏற்கெனவே இருந்தது, விரிசல் நாலைந்து. தொந்தரவு என்னவென்றால், ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும், நிறம் ஒருநாளும் சேராது. தேய்க்கத் தெரிந்த கொத்தனாரும் அபூர்வம். நாங்கள் விரிசலை விட்டுவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்ததோடு சரி. சித்திரை மதியத்தில் அதில் வெறும் முதுகோடு படுத்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

சுவரில் போட்டி எமல்ஷன் பெயிண்டுக்கும் சுண்ணாம்புக்கும். இங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய செங்கல் சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் சுவரைச் சமப்படுத்தும் புட்டி மாவு பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரியும். மாப்பிள்ளையின் அறையில் இரண்டாவது மழைக்காலமே உரிந்தது. நீலமும் பிசினும் கலந்த வெள்ளையடிப்பு மலிவு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், அடிக்கடி அடிக்கவும் வேண்டும். ஒட்டட்டுமே.

ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். கயிறு இழுத்துத் திறக்கும் வென்டிலேட்டர்கள் அதற்குமேல் மாட்டிக்கொள்ளும். சூடான காற்று வெளியேறுவதே அந்த வழியாகத்தான். விட்டத்தின் நுனி சுவருக்குள் மக்குகிறதா, கரையான் ஏறுகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஃபேனை நீளமான குழாயில் தொங்கவிட்டு, விளக்கைச் சுவரில் ஏழடியில் வைத்தால் முடிந்தது.

ஜன்னலுக்குக் கனத்த திரையா, மூங்கில் தட்டியா என்றால் வராந்தாவில் தட்டி, படுக்கையறையில் மெல்லிய பருத்தித் திரை. இதில் யாருக்கும் சண்டையில்லை.

சோபா விஷயத்தில் நான் தோற்றேன். பிரம்பு நாற்காலிகளும் பெரியப்பாவின் சாய்வு நாற்காலியும் போதும் என்றேன். "முட்டி வலிக்காரி அதிலிருந்து எப்படிடா எழுந்திருப்பேன்?" என்றார் பெரியம்மா. கூடத்தின் ஒரு மூலையில் இப்போது சாம்பல் நிறத்தில் எல் வடிவ சோபா கிடக்கிறது. வருகிறவர்கள் முதலில் போய் உட்காருவது அதில்தான்.