பூலாம்பட்டிக் கரையா, கிளியூர் ஓடையா? வாட்டர்கலரில் ஆறு வரைய எது நல்ல இடம்

சேலத்துப் பக்கம் ஆற்றை நேரில் பார்த்து வாட்டர்கலரில் வரைய நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, எடப்பாடி தாண்டி இருக்கும் பூலாம்பட்டிக் காவிரிக் கரை. இன்னொன்று ஏற்காடு: மேலே ஏரி, அதன் உபரி நீர் போய் விழும் கிளியூர் அருவி. நகருக்குள்ளேயே திருமணிமுத்தாறு இருக்கிறதே என்று கேட்கலாம். சேர்வராயன் மலையில் பிறக்கும் அந்த ஆறு ஊருக்குள் கழிவுநீரைச் சுமந்து ஓடுகிறது. அதன் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாமல் போனது பெரிய வருத்தம்.

இரண்டும் அழகான இடங்கள்தான். ஆனால் எங்கே தாள் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாட்டர்கலரில் பாதி வேலையைக் காற்று செய்கிறது.

பூலாம்பட்டியில் கதவணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் காவிரி ஓட்டமே தெரியாமல் அகலமாக விரிந்து கிடக்கும். எதிரே ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை, அந்தப் பக்கம் பாலமலை, நடுவே போய் வந்துகொண்டிருக்கும் விசைப்படகு. நாம் இருப்பது கிழக்குக் கரை. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் எதிர்க்கரை மரங்களின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் எதிரே இறங்கும். மலை ஒரே நீலச் சாம்பலாகிவிடும், தண்ணீர் கண்ணைக் கூச வைக்கும். தொடங்குபவர்களுக்குக் காலைதான் சரி.

நிழல் பிம்பத்தை இங்கே உட்கார்ந்து படிப்பது போல வேறெங்கும் படிக்க முடியாது. கரையில் இருக்கும் கருமையான மரம் தண்ணீரில் கொஞ்சம் வெளிறித் தெரியும். வெளுத்த சுவர் கொஞ்சம் மங்கித் தெரியும். புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. படகு கடந்ததும் பிம்பம் கலையும். அப்போது பிரஷ்ஷில் ஈரத்தைக் குறைத்து, சொரசொரப்பான தாளில் படுக்கைவாட்டில் ஒரே இழுப்பு. இடையில் விட்டுப்போகும் வெள்ளைதான் மினுமினுப்பு.

சிக்கல் வெயில். பங்குனி, சித்திரையில் வானத்துக்கு இழுக்கும் வாஷ் (நீர்த்த நிறத்தைச் சீராகப் பரப்பும் பூச்சு) தாளின் பாதியை எட்டுவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். மரக்கூழ்த் தாள் இங்கே கைகொடுக்காது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த முழுப் பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நனைத்து, சின்ன அளவில், பெரிய பிரஷ்ஷால் வரையுங்கள். தாள் மேல் நேர் வெயில் பட விடாதீர்கள். வெயிலில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாக அடர்த்தியைக் கூட்டிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். அதே வெயிலில் ஒரு லாபமும் உண்டு: மலை, மரம், பிம்பம் என்று அடுக்கடுக்காகக் காத்திருக்காமல் போடலாம்.

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கும் நாட்களில் ஆறு கலங்கி ஓடும். அல்ட்ராமரைன் நீலத்தை ஓரம் வைத்துவிட்டு எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) எடுங்கள். நீரோரத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.

ஏற்காட்டில் எல்லாம் தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கினால் முதல் வாஷ் காயவே காயாது. பொறுமை இழந்து அரை ஈரத்தின் மேல் நிறம் வைத்தால் பூக்கோசு மாதிரி திட்டுத் திட்டாக விரியும். அதனால் ஈரத்தின் மேல் ஈரமாக, ஒரே அடுக்கில் முடிப்பதாகத் திட்டமிட வேண்டும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறம் இங்கே அற்புதமாக வேலை செய்யும். மெதுவாகக் காய்வதால் நிறத்துகள் தாளின் பள்ளங்களில் நிதானமாகப் படியும். தூரத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு அதைவிட நல்ல நிறம் தெரியவில்லை.

கிளியூரில் விழும் நீருக்கு நிறமே தேவையில்லை. தாளை வெள்ளையாக விட்டு, இரண்டு பக்கமும் நனைந்த பாறையை அழுத்தமாக வையுங்கள், போதும். ஆனால் மழைக்குப் பிறகு போனால்தான் அங்கே தண்ணீர். இறங்கும் பாதை செங்குத்து, ஈஸல் (படம் வைக்கும் தாங்கி) தூக்கிப் போவது வீண். மடியில் வைக்கும் பலகையும், காய்ந்த நிறக் கட்டிகள் உள்ள பான் பெட்டியும் போதும். ஏரிக்கரையில் உட்கார்வது சுலபம், ஆனால் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அதுவும் நடக்காது.

செலவிலும் பயண நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் தேர்வு பூலாம்பட்டி. வாஷ் இழுப்பது கைக்கு வராமல் ஏற்காட்டுக்குப் போனால் பனி படத்தை விழுங்கிவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில் காவிரிக் கரையில் பழகுங்கள். அப்போது வெயிலும் மிதம், தாளும் நிதானமாகக் காயும். ஒரே வாஷில் வானத்தையும் ஆற்றையும் கோடு விழாமல் இழுக்க முடிந்த பிறகு, ஆடி, ஆவணி மழையில் மலை ஏறலாம். அப்போது ஒரு பலகைக்குப் பதில் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றில் வரையலாம்.