இந்தோனேசிய விக்கிப்பீடியாவா, ஜாவா மொழி விக்கிப்பீடியாவா?

ஜாவாக்காரர் ஒருவர் தன்னார்வலராக எழுத வந்தால் அவருக்கு இரண்டு வாசல்கள். 2003இல் தொடங்கிய இந்தோனேசிய விக்கிப்பீடியாவில் இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. 2004இல் வந்த ஜாவா மொழிப் பதிப்பு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இத்தனைக்கும் ஜாவா மொழி கோடிக்கணக்கானோரின் தாய்மொழி.

எண்ணிக்கையை விடுங்கள், எழுதும் நடையில்தான் உண்மையான வேறுபாடு. டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு, 1855இல் மக்காசார் நகரில் இறந்த ஜாவா இளவரசர் திபோனகோரோவை எடுத்துக்கொள்வோம். அவர் இறந்ததை இந்தோனேசிய மொழியில் எழுத, எல்லோருக்கும் பொருந்தும் சாதாரண வினைச்சொல் ஒன்று போதும். நாட்டின் மேற்கு முனையான ஆச்சேயின் வாசகரும் கிழக்கு முனையான பாப்புவாவின் வாசகரும் உறுத்தலின்றிப் படிப்பார்கள். ஜாவா மொழியிலோ ஆளின் தகுதிக்கேற்ப வினைச்சொல்லே மாறும். உயர்ந்த சொல்லைப் போட்டால் நடுநிலை போச்சு என்பார்கள், சாதாரணச் சொல்லைப் போட்டால் பெரியவரை அவமதித்ததாகத் தோன்றும். கலைக்களஞ்சியத்துக்கு என்று ஒரு நடையை அங்கே எழுதுபவர்களே உருவாக்கியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

சான்றுகள் விஷயத்தில் இந்தோனேசிய மொழிக்கே வசதி: நாளிதழ்கள், பாடநூல்கள், அரசு ஆவணங்கள் எல்லாம் அதில்தான். ஜாவா மொழியில் 1933 முதல் வரும் ‘பன்ஜெபார் செமாங்காட்’ போன்ற சில இதழ்களே துணை.

அரசியல், அறிவியல் என்றால் இந்தோனேசியப் பதிப்பில் எழுதலாம், வாசகர் அதிகம். வாயாங் நிழற்கூத்து, ஊர்ச் சடங்கு, சமையல் என்றால் முதலில் ஜாவா மொழியில் எழுதுங்கள். அப்புறம் இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுபோகலாம்.