மூன்று போட்டிகள், ஒரு பள்ளி மன்றம்: எதில் முதலில் இறங்குவது?

ரோபோட்டிக்ஸ் மன்றம் தொடங்கும் பள்ளிகளில் முதல் கேள்வி பெரும்பாலும் ‘எந்தக் கிட் வாங்கலாம்?’ என்பதுதான். எந்தப் போட்டிக்குப் போகிறோம் என்று முடிவாகாமல் வாங்கிய கிட் அலமாரியிலேயே கிடக்கும். ஆகவே போட்டியிலிருந்து தொடங்குவோம். நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஃபர்ஸ்ட் லெகோ லீக், வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாட், இந்திய அரசின் இன்ஸ்பயர் மானக். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மன்றத்தில் பெயர் கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் போட்டியில் உண்மையான பங்கு கிடைக்கிறது?

அந்தக் கணக்கில் லெகோ லீக்குக்கே முதலிடம். டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் சேர்ந்து 1998-இல் தொடங்கியது இது. ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்கு ரோபோ ஓடும் இரண்டரை நிமிடம்தான் தெரியும். மதிப்பெண்ணில் அது நான்கில் ஒரு பங்குதான். ரோபோ வடிவமைப்பை விளக்குவது, புத்தாக்கத் திட்டம், அணியாகச் சேர்ந்து நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றுக்கும் அதே எடை உண்டு. கோடிங் பிடிக்காத பிள்ளைக்கும், மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் இதில் இடமிருக்கிறது.

மேசையில் நடப்பதும் அருமையானது. எட்டுக்கு நான்கடி மேசையில் ரோபோ தானாகவே ஓட வேண்டும். வழியில் சிக்கிக்கொண்டால் கையால் எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது, தொடக்கத்தில் கொடுத்த, மதிப்பெண் தரும் ஆறு துல்லிய டோக்கன்களில் ஒன்று போய்விடும். எடுப்பதா, விடுவதா என்று இரண்டு பிள்ளைகள் கண்ணாலேயே பேசி முடிவெடுக்கிற அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் போட்டியை எனக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. 2024-25-இல் கடலாய்வு, 2025-26-இல் தொல்லியல். அகழாய்வில் இருப்பவர்களுக்கு உள்ள ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, துறை அறிந்தவர்களிடம் பேசி, தீர்வு சொல்ல வேண்டும். கீழடியை வைத்திருக்கும் நமக்கு இதைவிட வாகான தலைப்பு கிடைக்காது.

இடிப்பது பணம். கிட்டுக்கே பல பத்தாயிரம் ஆகும். அதோடு பதிவுக் கட்டணம், ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டிய மேசைப் பொருட்கள், பயணச் செலவு. போதாததற்கு லெகோ தன் கிட்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஈவி3 என்ற கிட்டின் விற்பனை 2021-இல் முடிந்தது. அதன் மோட்டார் கேபிள் அடுத்து வந்த ஸ்பைக் பிரைமில் செருகவே செருகாது. புரவலர் கிடைக்காத அரசுப் பள்ளி இதில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2004-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரோபோ ஒலிம்பியாட்டின் போக்கே வேறு. அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். அதன் ரோபோமிஷன் பிரிவில், மாதக்கணக்கில் பழகிய விதிகளோடு போட்டியன்று காலையில் ஓர் எதிர்பாராத விதியையும் சேர்த்து அறிவிப்பார்கள். பயிற்சியாளர் களத்துக்குள் போய்ச் சொல்லித்தர முடியாது. ஆசிரியரே எழுதிக் கொடுத்த கோடிங்கை மனப்பாடமாக வைத்திருக்கும் அணி அங்கேயே திணறிவிடும். சொந்தமாக எழுதிய பிள்ளைகள் அஞ்சமாட்டார்கள். கலர் சென்சாரின் அளவைப் போட்டி அரங்கின் விளக்கிலேயே மறுபடி எடுக்க வேண்டும், பேட்டரி இறங்கினால் நொடிக்கணக்கில் எழுதிய திருப்பம் பிசகும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். திறமையை உரசிப் பார்க்க இதுவே நல்ல களம். ஆனால் 30 பேர் உள்ள மன்றத்தில் மூன்று பேர் போட்டியாளர், மற்றவர்கள் பார்வையாளர் என்று ஆகிவிடும் அபாயமும் இதில்தான் அதிகம்.

இதே ஒலிம்பியாட்டில் பலர் கவனிக்காத பிரிவு ஒன்று உண்டு: ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ். உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கானது. தானாக ஓடும் சிறு காரைச் செய்ய வேண்டும். சிவப்புத் தூண் வந்தால் வலப்பக்கமாகவும், பச்சைத் தூண் வந்தால் இடப்பக்கமாகவும் கடந்து மூன்று சுற்று முடிக்க வேண்டும். இடது, வலது மோட்டார்களை வேறு வேறு வேகத்தில் சுழற்றித் திருப்புவது செல்லாது. நிஜக் காரைப் போல ஸ்டீயரிங் வேண்டும். லெகோதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை ஆகிய சிறு கணினிப் பலகைகளும் ஒரு கேமராவும் இருந்தாலே தொடங்கிவிடலாம். மத்திய அரசு உதவியில் அமைந்த செய்முறைக் கூடமான அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளியில் ஆர்டுயினோவும் 3டி பிரிண்டரும் ஏற்கெனவே இருக்கும். செய்த வழியை முழுக்க எழுதி, படங்களோடும் கோடிங்கோடும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் பின்னாளில் கல்லூரி நேர்காணலிலும் பேசும்.

இன்ஸ்பயர் மானக்குக்கு ரோபோவே தேவையில்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க அறக்கட்டளையும் நடத்துவது. அன்றாடப் பிரச்சினைகளைத் தீர்க்கும் யோசனைகளை ஒரு பள்ளி 5 வரை அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள். பள்ளிக்குக் கைக்காசு போகாத ஒரே வழி இது. குறை என்னவென்றால் இது தனிப் பிள்ளைக்கானது, அணி கிடையாது. இன்னொன்று, கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் மாடலை வாங்கி வைக்கும் பழக்கம். மழை வந்தால் தானாக மூடும் துணிக்கொடி, கண் தெரியாதவருக்கு சென்சார் கோல் போன்றவை நூறு முறை வந்துவிட்டன. அம்மா பூக்கட்டும்போது விரல் வலிக்கிறது, தாத்தாவால் பம்ப்செட் மூடியைக் கழற்ற முடியவில்லை என்று வீட்டிலிருந்து வரும் பிரச்சினைக்குத்தான் நடுவர் முன்னால் பிள்ளையால் மனதார பதில் சொல்ல முடியும்.

என் வரிசை இது. கிட் இல்லாத பள்ளி முதல் ஆண்டு இன்ஸ்பயரில் இறங்கட்டும். ஐந்து யோசனைகளையும் மன்றம் முழுக்கக் கூடி விவாதித்துத் தேர்ந்தெடுத்தால் தனியாள் குறை பாதி தீரும். இரண்டாம் ஆண்டு ஆர்டுயினோவை வைத்துக்கொண்டு ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ். முன்னாள் மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ கைகொடுத்தால் லெகோ லீக். வசதி உள்ள பள்ளி நேராக லெகோ லீக்குக்கே போகலாம், 10 பேரோடு. ஆண்டின் முதல் மன்றக் கூட்டத்திலேயே தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். லெகோ லீக்கின் கருப்பொருள் ஆகஸ்ட் வாக்கில் வெளியாகும். ஒலிம்பியாட் விதிகள் ஜனவரியிலேயே வந்துவிடுவதால், ஜூனில் தொடங்கும் நம் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு முன்பே அணியை அமைத்து வைப்பது நல்லது.