யாழ்ப்பாணத்தில் ஐ.டி. துறை நிலைக்க: ஒரு பெரிய கம்பனியா, பத்துச் சின்னக் கம்பனிகளா?

100 பேர் வேலை செய்யும் ஒரு கம்பனியில் பயிற்சி ஒழுங்காகக் கிடைக்கும். யாழ். பல்கலைக்கழகத்திலோ அதன் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலோ படித்துவிட்டு வருபவரின் கணினி நிரலை (code) வரிக்கு வரி திருத்தித்தர மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஆனால் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்தால் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் வேலை தேடுவார்கள். ஊரில் வேறு இடம் இருக்காது. கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார்கள்.

10 பேர் கொண்ட 10 கம்பனிகளில் ஒன்று மூடினால், மற்றவை ஆளுக்கொருவரை எடுத்துக்கொள்ளலாம். அனுபவம் ஊரிலேயே தங்கும். இவற்றின் பலவீனம் கையிருப்பு. வாடிக்கையாளர் காசு 2 மாதம் பிந்தினாலே சம்பளம் நின்றுவிடும்.

எங்கள் தெரிவு சின்னவைதான். ஆனால் 3 மாதச் சம்பளம் வங்கியில் இருக்க வேண்டும். எந்த ஒரு வாடிக்கையாளரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பயிற்சி கொடுக்க மூத்த பொறியியலாளர் ஒருவரை மூன்று கம்பனிகள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம்.