இலவம்பஞ்சு மெத்தையில் ஒரு நைட் டியூட்டி நர்ஸின் பகல் தூக்கம்

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஐசியு நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் ஹேண்டோவர் கொடுத்து, வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணி ஆகிவிடும். போன வருடம் வரை ஃபோம் மெத்தை. பன்னிரண்டரைக்கெல்லாம் முதுகு நனைந்து விழிப்பு வந்துவிடும். தூக்கம் வர உடம்புச் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சித்திரை வெயிலில், முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மெத்தையில் அது எங்கே இறங்கும்?

ஒருநாள் விடியற்காலை நாலு மணி. நரம்பு வழியாக மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில் 5 போட வேண்டிய இடத்தில் 50 அடித்துவிட்டேன். ஸ்டார்ட் அமுக்குவதற்குள் பக்கத்திலிருந்த சிஸ்டர் பார்த்துச் சொன்னார். அதற்கு முந்தின மூன்று நாளும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம்கூட நான் தூங்கியிருக்கவில்லை. அந்த வாரமே தேனிக்குப் போனேன், அது அம்மாவின் ஊர். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம்பஞ்சு வியாபாரம் நிறைய.

மூன்றடிக்கு ஆறேகால் அடி, 12 கிலோ பஞ்சு, துணி, கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். தைத்து வைத்ததை வாங்காதீர்கள், கண் முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். நல்ல பஞ்சு இளமஞ்சளாக, பட்டுப்போல மினுங்கும். கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் உடனே உப்பி எழும். கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அப்படியே கட்டியாக நிற்கும். மிளகு அளவில் கறுப்பு விதைகள் ஒன்றிரண்டு கிடந்தால் பரவாயில்லை, நிறைய இருந்தால் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் புசுபுசுவென்று பழக்கமில்லாமல் இருந்தது. அப்புறம் படிந்துவிட்டது. இப்போது பத்தேகாலுக்குப் படுத்தால் பெரும்பாலும் நாலரைக்குத்தான் எழுகிறேன். முதுகில் வியர்வை தேங்குவதில்லை. கடைசி டியூட்டி இரவிலும் மருந்துச் சீட்டைப் படிக்கும்போது கண் தெளிவாக இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. ஆறு மாதத்தில் இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழுந்தது. வாரம் ஒருமுறை மாடி வெயிலில் போட்டு, புரட்டி, தட்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அது முடியாது, லேசாகக் கனத்துப்போகும். தையல் விட்ட இடத்தில் பஞ்சு பறக்கும், இளைப்பு உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள். இரட்டைக் கட்டிலுக்குப் பெரிதாக ஒன்று வேண்டாம், தூக்க முடியாது. தனித்தனியாக இரண்டு தையுங்கள்.

சரி, எல்லாம் மெத்தையால் மட்டுமா என்றால் இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டேன், போனைக் கூடத்தில் வைக்கிறேன். அத்தையிடம் அந்த 50 கதையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அரைக்க வேண்டியதையெல்லாம் நான் வருவதற்குள் அரைத்துவிட்டு, மிக்ஸியைத் துடைத்து வைத்துவிடுகிறார். பங்குனியில் புதுப் பஞ்சு வரும்போது அவருக்கும் ஒரு மெத்தை தைக்கச் சொல்லியிருக்கிறேன்.