வெளிநாட்டுப் பள்ளிக்குப் புத்தகம் அனுப்பப் போகிறீர்களா? என் 38,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

நேற்று ராத்திரிதான் உறுதியாகத் தெரிந்தது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அதனால் எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டு இரண்டாங்கட்டு அறையில் ஐயா சேர்த்த புத்தகங்களும், என் பிள்ளைகள் படித்த சிறுவர் நூல்களும் பூட்டியே கிடந்தன. கரையான் அரிப்பதற்குள் யாருக்காவது பயன்படட்டும் என்று நினைத்தேன். ஐயா கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனது மலாயாவுக்கு. இன்றைக்கும் மலேசியாவில் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அதில் ஒரு தோட்டத்துப் பள்ளியின் தலைமையாசிரியை, "அனுப்புங்கம்மா, பிள்ளைகளுக்கு அலமாரி வாங்கி வைக்கிறோம்" என்றார்.

காரைக்குடியில் வெளிநாட்டுக்கு முறுக்கு, சீடை, ஊறுகாய் அனுப்புகிற பார்சல் கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். கடைக்காரரே கொக்கித் தராசோடு வீட்டுக்கு வந்தார். 14 பெட்டி, 320 கிலோ, கிலோவுக்கு 120 ரூபாய், கப்பலில் போய்ப் பள்ளி வாசலிலேயே இறங்கும் என்றார். ஆக 38,400. ஐயா கையெழுத்தும் 'பினாங்கு, 1938' என்ற எழுத்தும் உள்ள ஒரு புத்தகத்தை எனக்கென்று தனியாக வைத்திருந்தேன். அதைத் தோள் துண்டால் துடைத்துப் பிரித்துப் பார்த்து, "ஆச்சி, எங்க தாத்தாவும் பினாங்குலதான் இருந்தாரு, படிப்பு விஷயத்துல நான் காசு பார்க்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் மனசு இளகி, அதையும் பெட்டியில் வைத்துவிட்டேன். பணத்தைக் கடைக் கணக்குக்குப் போடவில்லை, அவர் சொன்ன யாருடைய எண்ணுக்கோ ஜிபே செய்தேன். கொடுத்தது ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு துண்டுச் சீட்டு.

ஒரு மாதம் கழித்துக் கேட்டால் "கப்பல் லேட், ஆச்சி". அப்புறம் "கஸ்டம்ஸ்ல நிக்குது". அப்புறம் தராசில் நிறுத்த எடை மட்டும் போதாதாம், பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கினால் வேறு எடை வருகிறதாம், இன்னும் 9,000 வேண்டுமாம். கப்பல் ரசீது கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று போனை வைத்துவிட்டார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளிடம்! நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் சென்னை போயிருக்காரு". நேற்று என் தம்பி மகன் அவர் தந்த டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தான். அது 2 கிலோ பார்சல், வேறு யாருக்கோ, எப்போதோ சேர்ந்துவிட்டது. 320 கிலோ எங்கே? பழைய பேப்பர் கடையை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பொத்திப் பொத்திச் சேர்த்த புத்தகங்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன, அந்த மண்ணிலா இப்படி.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். எடையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்த நாட்டுத் துறைமுகச் செலவு யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். கப்பல் ரசீது கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். அச்சிட்ட புத்தகங்களை ஒரே விலாசத்துக்குச் சாக்குப்பையாக அனுப்ப, தபால் துறையில் 'எம் பேக்' என்று ஒன்று இருக்கிறது, பைக்கு 30 கிலோ வரை. நீங்கள் அனுப்பும் நாட்டுக்கு உண்டா என்று தலைமைத் தபால் நிலையத்தில் கேளுங்கள். எனக்கு இது நேற்றுத்தான் தெரியும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், நான் இன்று காலை பேசிவிட்டேன்.

38,400 போகட்டும். அலமாரி வாங்கிவிட்டோம் என்று அந்த டீச்சர் போட்டோ அனுப்பியிருக்கிறார், இன்னும் பதில் போடவில்லை.