தோசைக்கல்லை எங்கே இறக்கி வைப்பது: கிரானைட் மேடையா, குவார்ட்ஸ் மேடையா?

வீடு கட்டியபோது, சமையல் மேடைக்குக் கிரானைட் போடுவதா குவார்ட்ஸ் போடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடியது. முடிவில் கருப்பு கிரானைட் போட்டோம். ஆகவே நடுநிலையாக எழுதுவதாக நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. குவார்ட்ஸ் மேடையோடு எனக்குள்ள பழக்கமும், அதற்கு முன் மூன்று ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டோடு சரி.

அழகையும் விலையையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குவார்ட்ஸ் ஒரே சீரான நிறத்தில் கிடைக்கும், வெள்ளை மேடை சிறிய அறையையும் பெரிதாகக் காட்டும். எங்களுக்குச் சொன்ன விலையில் அது கிரானைட்டைப் போல இரண்டரை மடங்கு. கடப்பாக் கல் இரண்டையும்விட மலிவுதான், ஆனால் சுண்ணாம்புக்கல் வகை என்பதால் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடத்தில் மெருகு போய்விடும். அலமாரித் தட்டுக்கு அது போதும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சூடு ஒன்றுதான். குவார்ட்ஸ் பலகை முழுக் கல் அல்ல. பொடித்த குவார்ட்ஸோடு, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாலியெஸ்டர் பிசினையும் நிறமியையும் சேர்த்து, அழுத்தி இறுக்கிச் செய்வது. கல் சூட்டைத் தாங்கும், பிசின் தாங்காது. வெப்பம் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது பழுப்பேறத் தொடங்கும். குக்கரை மேடையில் வைக்கத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள், ஆனால் விசில் அடிக்கும் குக்கருக்குள் இருக்கும் வெப்பம் 120 டிகிரி அளவுதான். வடை பொரியும் எண்ணெய் 180 டிகிரியைத் தொடும். நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல் 200 டிகிரியைச் சுலபமாகக் கடக்கும். வாடகை வீட்டில் விருந்தினர் வந்திருந்த ஒரு காலையில், அடுப்பில் சாம்பாருக்கு இடம் வேண்டுமென்று தோசைக்கல்லை இறக்கி மேடையில் வைத்தேன். திரும்ப எடுத்தபோது, வெள்ளைப் பலகையில் பிறை வடிவில் ஒரு பழுப்புத் தழும்பு பதிந்திருந்தது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை, வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தில் ஒரு தொகையும் போனது.

பிரிமணை போட்டுப் புழங்கினால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். நாளுக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று சமைக்கும் வீட்டுக்கு அது சரி. மூன்று அடுப்பும் எரிந்து, ஒன்றில் கடுகு வெடிக்க, இன்னொன்றில் பால் பொங்கி வரும் வேளையில், வாணலியைப் பிடித்த கை பிரிமணையைத் தேடாது. அருகில் எது கிடைக்கிறதோ அங்கேதான் இறக்கும். அந்த இடம் மேடையாகத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு கல்லைத் தேர்ந்தெடுப்பதே எனக்குச் சரியாகப்பட்டது.

மஞ்சள் கறை அதற்கு அடுத்த தொல்லை. மஞ்சள் அரைத்த விழுது சிந்தி, இரவு முழுதும் காய்ந்துவிட்டால், வெள்ளைக் குவார்ட்ஸில் நிழல் போல ஒரு தடம் நிற்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் அது குங்குமமாகச் சிவந்து நம்மைப் பதறவைக்கும். ஜன்னலோரம் சிந்தியது மட்டும் வெயில் பட்டுச் சில நாட்களில் வெளுத்தது. குவார்ட்ஸை அறுக்கும் தொழிலாளர்களின் நுரையீரலை, அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா என்ற கனிமத்தின் தூசி பாழாக்குவதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இப்பலகைகளுக்குத் தடை விதித்திருக்கிறது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. எதை அறுத்தாலும் தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள்.

கிரானைட்டிலும் குறைகள் இல்லாமல் இல்லை. வெளிர் நிறக் கற்கள் பல எண்ணெயை உறிஞ்சும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சீலர் என்ற, நுண்துளைகளை அடைக்கும் பூச்சைப் பூச வேண்டும். கடையிலேயே கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் டோலரைட், காப்ரோ போன்ற, துகள்கள் நெருக்கமாக இறுகிய கல் என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பென்று விற்பதும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், சாயம் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். போர்த் தண்ணீரின் உப்புத் தடம் கருப்பில் பளிச்சென்று தெரியும், எறும்பு வரிசையோ தெரியவே தெரியாது. சர்க்கரை டப்பாவைத் திறந்த பிறகுதான் வந்திருப்பது புரிகிறது.

விரிசலில் மட்டும் இரண்டு கல்லும் ஒன்றே. சிங்குக்கு முன்னால் மிஞ்சும் இரண்டு, மூன்று அங்குலப் பட்டைதான் மேடையிலேயே பலவீனமான இடம். அதன் அடியில் தாங்கல் கொடுக்காமல் எங்கள் வீட்டில் கல்லைப் பதித்துவிட்டார்கள். ஆறாவது மாதம், வெட்கிரைண்டரின் உருளையைக் கழுவ அதன்மேல் சாய்த்து வைத்த அன்று, மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. கல் நிறத்துப் பசையை நிரப்பி மெருகேற்றிக் கொடுத்தார்கள். இப்போது விரலால் தடவினால்தான் அது இருப்பது தெரிகிறது.